கார்டும் அதன் கூடும்

தாம்பரம் இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையோரத்து ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில், ஐப்பசி மழை விடாது பெய்த ஒரு மாலையில், ஜுரத்தோடு வந்த சிறுவனுக்கு டெங்குவா என்றறிய டெக்னீஷியன் ஒரு வெள்ளைக் கூட்டின் குழியில் சொட்டு விட்டு, அதன் சின்னஞ்சிறு ஜன்னலில் சிவந்த கோடு எழுகிறதா என்று குனிந்து நோக்கியிருந்ததை அருகிருந்து கண்டேன். 'கார்டு டெஸ்ட்' என்பது அதற்கு அங்கே வழங்கும் பெயர். ஆயினும் அதில் அட்டை ஏதும் இல்லை. கூட்டைப் பிளந்து பார்த்தால், திரவத்தை உறிஞ்சி வியாதியை அடையாளங்காட்டும் காரியம் முழுவதையும் செய்வது உள்ளேயிருக்கும், விரற்கடை அகலமும் இல்லாத ஒரு மெல்லிய கீற்றே. கால் மணி நேரத்தில் குப்பையாகி, பல தலைமுறைக்கு மண்ணில் கிடக்கப்போவதோ அதைச் சுமந்திருந்த பிளாஸ்டிக்.

இந்தக் கூட்டைக் காகிதத்தால் செய்யலாகாதா, பரிசோதனையையே காகிதத்தில் நிகழ்த்தலாகாதா என்று நடக்கும் முயற்சிகளை நான் மனமார வரவேற்கிறேன். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தியெடுத்த ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி ஆராயும் முறையை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்திலேயே பரப்பினார். ஹார்வர்டின் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸும் அவர் குழுவினரும் 2007-இல், காகிதத்தில் நீர் ஒட்டாத கரைகளை அமைத்து, பம்பும் மின்சாரமும் இன்றி ஒரே துளி பல கால்வாய்களில் தானே பிரிந்தோடும்படி செய்து காட்டினார்கள். இவற்றினும் நமக்கு நெருங்கிய உதாரணம் ஒன்றுண்டு. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்கென்று நிறுவிய தாம்பரம் சானடோரியம், பிற்காலத்தில் எச்.ஐ.வி. தொற்றியோருக்கும் பெரும் புகலிடமாயிற்று; அவ்விரு நோய்களும் ஒருங்கே பீடித்தவர்களைக் கண்டறிய உதவுமென்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இசைவளித்த சிறுநீர்ப் பரிசோதனை, கூடே இல்லாமல், சீட்டுச் சீட்டாகக் கிழித்தெடுக்கும் கீற்றாக வருவது. அது பாதிக்கு மேற்பட்டோரைத் தவறவிடுவது மெய்யே. எனினும் சிறுநீரில் கிருமியின் சுவடு அருகிக் காணப்படுவதால் நேரும் அக்குறைக்குக் கூடில்லாமையைப் பழிப்பது நியாயமாகாது.

அதற்காகக் கூடு வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடவும் கூடாது. கீற்றின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமிடங்களை அளவாக அழுத்திப் பிடித்து, ஓட்டத்தைச் சீராக்குவது அதுதான். அட்டையாலான கூடு ஈரங்கண்டு ஊறினால் பிடி தளரும், பிடி தளர்ந்தால் கோடு மங்கும். அன்று எழுந்த கோடே மிக மங்கலாயிருந்ததால், டெக்னீஷியன் அதை விளக்கடிக்கு எடுத்துச் சென்று இருமுறை பார்த்தார். அதனினும் சற்று மங்கியிருந்தால் அச்சிறுவனை ஒன்றுமில்லையென்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தவிரவும், கூட்டை மாற்றினாலும் பிளாஸ்டிக் முழுதும் ஒழிவதில்லை: கீற்றின் முதுகில் ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் படலமே; உடன்வரும் சொட்டுக்குழாயும் கரைசல் புட்டியும் அவ்வாறே. 2020-இல் டில்லி விஞ்ஞானிகள் கொரோனாவுக்கென்று கண்டு, சத்யஜித் ராயின் துப்பறிவாளர் பெயரால் 'ஃபெலுடா' என்றழைத்த பரிசோதனை காகிதக் கீற்றில்தான் விடை சொன்னது. அக்கீற்றை அடையுமுன், மரபணுவைப் பெருக்கும் இயந்திரத்தையும் அதற்குரிய பிளாஸ்டிக் குழாய்களையும் அது கடக்க வேண்டியிருந்தது.

என்னை மிகவும் உறுத்துவது வேறொரு விஷயம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, தொற்றுப்பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்குச் சென்று, கிருமி நீக்கப்பட்டு மறுசுழற்சிக்கு உரியதாகிறது. ரத்தந்தோய்ந்த காகிதமோ மஞ்சள் பையில் விழுந்து எரியூட்டப்படுகிறது. ஆகவே விதியை ஒழுங்காகப் பின்பற்றும் ஆஸ்பத்திரிக்குள் இம்மாற்றத்தின் லாபம் நாம் நினைப்பதைவிடச் சிறிது. வீட்டில் செய்துகொள்ளும் கர்ப்பப் பரிசோதனை எந்த வண்ணப் பைக்கும் போகாமல் தெருக் குப்பையிலேயே சேர்வதாலும், ஐயம் எழுந்தால் மறுநாள் மீண்டும் பார்த்துக்கொள்ள இயல்வதாலும், காகிதம் முதலில் புக வேண்டிய இடம் அதுவே என்பது என் துணிபு. டெங்குவுக்கு அதைக் கொணருமுன், குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றி, ஏரிக்கரை வீடுகளின் சுவரெல்லாம் ஓதமேறும் கார்த்திகையில், கதவு திறந்தே கிடக்கும் அந்தச் சாலையோர நிலையத்தின் மேஜைமேல் பழைய கூட்டையும் புதியதையும் அருகருகே வைத்து, ஒருவர் ரத்தத்தையே இரண்டிலும் இட்டுப் பார்த்தாக வேண்டும்.