உறைபனியும் பந்தய பைக்கின் கூலன்டும்

சாலையில் ஓடும் பைக்கின் ரேடியேட்டரில் பொதுவாக இருப்பது தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த கூலன்ட். அதே பைக் பந்தயத்துக்குப் பதிவானால், அந்தக் கலவையை வடித்துவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றச் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். சர்வதேச பைக் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.எம். அமைப்பின் தொழில்நுட்ப விதிகள் தண்ணீரையும், எத்தில் ஆல்கஹால் கலந்த தண்ணீரையும் மட்டுமே என்ஜின் குளிர்விப்புத் திரவமாக ஏற்கின்றன. சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இந்த விதியால் ஒருவருக்கும் சிக்கல் வராது. சென்னையில் ரேடியேட்டர் உறைந்த கதை கிடையாது. பிரிட்டனிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் நிலைமை வேறு. அங்கே பந்தயப் பருவம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொடங்குகிறது. பகலில் பைக் ஓட்டலாம், இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். பகலில் தடத்தைக் காக்கும் தண்ணீர் இரவில் என்ஜினை உடைக்கக்கூடும்.

விதியின் அடிப்படை வலுவானது. கீழே விழுந்த பைக்கின் ரேடியேட்டர் கிழிந்தால் இரண்டு மூன்று லிட்டர் திரவம் தடத்தில் கொட்டும். தண்ணீர் என்றால் வெயிலும் காற்றும் சூடான டயர்களும் சிறிது நேரத்தில் உலர்த்திவிடும். எத்திலீன் கிளைகாலின் கொதிநிலை 197 டிகிரி செல்சியஸ். கலவையில் உள்ள தண்ணீர் ஆவியான பிறகும் அது தாரின் நுண்துளைகளில் தங்கி, வழுக்கும் படலமாகப் படிகிறது. எண்ணெய்க் கறையைப் போல அது பளிச்சென்று கண்ணில் படுவதும் இல்லை. பின்னால் வருபவர் வளைவில் சாய்ந்த பிறகுதான் அதைத் தெரிந்துகொள்வார். உறிஞ்சும் தூளைத் தூவிப் பெருக்கினால் மட்டும் போதாது, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதுவரை பந்தயம் நின்றுபோகும்.

தண்ணீருக்கு இன்னொரு தகுதியும் உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் அது கிளைகால் கலவையை மிஞ்சுகிறது. சரிபாதிக் கலவையின் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. வெப்பம் கடத்தும் திறனோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கொதித்துவிடுமே என்ற அச்சத்துக்கும் பெரிய இடமில்லை. ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கும் வகையாக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும்.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. தண்ணீர் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் அரிக்கும். குழாய்த் தண்ணீரானால் உப்பும் படியும். சாலைக் கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான்கள் வெறும் தண்ணீரில் இல்லை. இதற்காகத்தான் காய்ச்சி வடித்த நீரில் ரெட் லைன் நிறுவனத்தின் வாட்டர் வெட்டர் போன்ற சேர்மானத்தைக் கலக்கிறார்கள். அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, உலோகத்துக்கும் ஓரளவு காப்பு தருகிறது. உறைநிலையை மட்டும் அது குறிப்பிடும்படி மாற்றாது. புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: கடையில் வாங்கிய சீசா, இளஞ்சிவப்பு நிறம், பார்வைக்குக் கூலன்ட் போலவே இருக்கிறது, ஆகவே பனிக்கும் தாங்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. அந்த விரிவுக்கு இடம் கொடுக்காத உலோகம் பிளக்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள், வாட்டர் பம்பின் உறை, சிலிண்டரைச் சுற்றிய நீர்ப்பாதை ஆகியவை முதலில் ஆபத்துக்கு உள்ளாகும். ரேடியேட்டர் போனால் மாற்றிக்கொள்ளலாம்; சிலிண்டர் பிளாக்கில் விரிசல் விழுந்தால் என்ஜினே போனது போலத்தான். திறந்த டிரெய்லரில் பைக்கை ஏற்றி இரவு முழுக்கப் பயணம் செய்பவர்களுக்கு அபாயம் கூடுதல். வீசும் காற்று வெப்பநிலையைச் சுற்றுப்புறத்தைவிடக் கீழே இறக்காது என்றாலும், அந்த நிலையை வெகு சீக்கிரம் எட்டவைத்துவிடும்.

இந்த இக்கட்டுக்கு விடையாகச் சந்தை முன்வைப்பது புரோப்பிலீன் கிளைகால். என்ஜின் ஐஸ் என்ற பெயரில் விற்கும் கூலன்ட் இந்த வகையைச் சேர்ந்தது. இதைப் பாதுகாப்பான கூலன்ட் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. யாருக்கு, எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டால்தான் விஷயம் தெளிவாகும். எத்திலீன் கிளைகால் இனிப்பான நஞ்சு. உடலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியம் ஆக்சலேட் படிகங்களாகச் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. சிந்தியதை நக்கும் நாய்களும் பூனைகளும் அடிக்கடி இதற்குப் பலியாகின்றன. புரோப்பிலீன் கிளைகாலோ உணவுப் பொருள்களில் சேர்க்க அனுமதிக்கப்பட்டது. அதன் சரிபாதிக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் அப்பால் வரை உறையாது. ஆக உயிர்களுக்கும் நல்லது, என்ஜினுக்கும் நல்லது. தடத்துக்கு? அதன் கொதிநிலை 188 டிகிரி. தாரில் சிந்தினால் அதுவும் எளிதில் உலராது, அதுவும் வழுக்கும். மண்ணில் மக்கும் என்ற விளம்பர வாசகம் உண்மைதான்; ஆனால் அடுத்த சுற்றில் வருபவரின் டயருக்குக் கீழே அது மக்கியிருக்காது. சில அமைப்புகள் இதை அனுமதிப்பதும் வேறு சில மறுப்பதும் இந்த இரட்டைத் தன்மையால்தான். மறுப்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம்.

விதியே இடம் கொடுத்த எத்தில் ஆல்கஹால் மிதமான பனிக்கு மட்டும் உதவும். கன அளவில் 20 சதவீதம் கலந்தால் உறைநிலை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கீழே 9 டிகிரிக்கு இறங்கும். தடத்தில் சிந்தினால் ஆவியாகிவிடும் என்பது இதன் பெரிய வசதி. அந்த வசதியே குறையும் ஆகிறது: என்ஜின் சூடேறும்போதெல்லாம் ஆல்கஹால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறக்கூடும்; காலையில் கலந்த அளவு மாலையில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆவி தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஓரிரு டிகிரி உறைபனிக்கு இது போதும், கடுங்குளிருக்கு ஆகாது.

எஞ்சுவது பழைய வழி: தடத்தில் தண்ணீர், ஓய்வில் வடிப்பு. இதைச் சரியாகச் செய்தால் வேறு மருந்து வேண்டியதில்லை. அரைகுறையாகச் செய்வதில்தான் கெடுதல். ரேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கழற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். மூடிய தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் என்ஜின் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும். பம்பின் அடிப்பள்ளத்திலும் நிற்கும். பம்பு உறையில் உள்ள வடிகால் போல்ட்டையும், இருந்தால் சிலிண்டர் பக்கப் போல்ட்டையும் திறந்து, காற்றடித்து வெளியேற்ற வேண்டும். உபரிநீர்க் குப்பியையும் காலி செய்ய வேண்டும். இது ஓரிரு இரவுகளுக்குப் பொருந்தும். நான்கு மாதம் நிறுத்திவைக்கும் பைக்கைக் காலியாக விட்டால் ஈரக் காற்றில் உள்பரப்பு அரிக்கும். அதற்குக் கிளைகால் கலவையை நிரப்பி, என்ஜினைத் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, கலவை எல்லா இடத்துக்கும் போனதை உறுதிசெய்து நிறுத்துவதே நல்லது. வசந்தத்தில் அதை வடித்து, காய்ச்சி வடித்த நீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கிளைகால் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை ஒளிவிலகல்மானி காட்டிவிடும். நிறத்தை நம்ப முடியாது, கூலன்டுக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம்.

குளிர்நாளில் ஓடும்போது வேறொரு தொல்லை. தண்ணீர் தன் வேலையை மிகையாகவே செய்துவிடுகிறது. பந்தயத்துக்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பைக்கில் இது இன்னும் மோசம்: என்ஜின் உரிய சூட்டை எட்டாது, எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கும், தேய்மானம் கூடும். ரேடியேட்டரின் ஒரு பகுதியை டேப்பால் மறைத்து ஓட்டுவது உயர்மட்டப் பந்தய அணிகளிலும் காணும் வழக்கம்தான்.

கிளைகால் தடை பிறருடைய உயிரைக் காக்கிறது. அதன் செலவை பைக்கின் உரிமையாளர் சுமக்கிறார். அந்தப் பங்கீடு சரியானதே. எதை ஊற்றக் கூடாது என்று சொல்வதோடு பல விதிப்புத்தகங்கள் நின்றுவிடுவதுதான் குறை. குளிர்ப் பிரதேசத் தடங்களின் அமைப்பாளர்கள் வடிப்பு முறையையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, பதிவுத் தாளோடு கொடுக்க வேண்டும்.