மஞ்சளில் தொடங்கும் பூ

வாழ்த்து அட்டையில் ஒரே பூவுக்கு மூன்று ஸ்டென்சில். முதல் தகட்டில் இதழின் முழு வடிவம், அடுத்ததில் மடிப்பு நிழல், கடைசியில் நரம்பு. பிசகாமல் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வித்தையெல்லாம் மை பூசுவதில் இருக்கிறது. இங்க் பேடில் தொட்ட பிரஷ்ஷை நேரே அட்டையில் வைத்தால் திட்டு விழும். அதனால் தகட்டின் மேலேயே சுழற்றத் தொடங்கி, மெல்ல உள்ளே நகர்த்த வேண்டும். சாய மை அடியில் உள்ள நிறத்தை மறைக்காது. ஆகவே வெளிர்நிறம்தான் முதலில். மஞ்சள்மேல் நீலம் படர்ந்தால் இடையில் பச்சை தானாகப் பிறக்கும். ஊதா படர்ந்தாலோ சேற்று நிறம்! டிஸ்ட்ரெஸ் வகை மை என்றால் இன்னொரு வேடிக்கை: இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஒற்றியெடுத்தால் அங்கங்கே வெளுத்த புள்ளிகள். எனக்கு இதழைவிட அந்தப் புள்ளிகள்தான் பிடிக்கும்.