வீழ்ந்தவன் எழும் கணம்: சமர் ஆட்டமும் போரறமும்

திறனாய்வாளர் பலர் திரைவழிச் சமர் ஆட்டங்களைத் தமது ஆய்வெல்லைக்குப் புறம்பானவையாகவே கருதுவர். ஆயினும் திருகோணமலை லிங்கநகர் இளைஞனுக்கும் தோக்கியோ இளைஞனுக்கும் பொதுவான போர்க்கதை ஒன்று இன்று உண்டெனின், அது இவ்வாட்டங்களிலேயே உண்டு. மக்கள் நுகர்வதை ஆராயாது ஒதுக்குதல் சமூகவியல் நோக்குடையோர்க்கு ஏற்றதன்று.

1991இல் ஜப்பானியக் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் ஆட்டத்தை நோக்குவோம். எதிரி வீழ்ந்து கிடக்கும்போது அவன்மீது அடி படாது, எழுந்ததும் படும். தேர்ந்த ஆட்டக்காரர் விநாடியின் அறுபதிலொரு பங்கைக் கணக்கிட்டு, முன்கூட்டியே வீசிய அடி எழும் கணத்திற் சென்று பொருந்துமாறு செய்வர். எழுபவன் தடுப்பதா, எதிர்த்தடிப்பதா எனத் துணிதல் வேண்டும். ஜப்பானியர் இதனை 'ஓக்கிசெமே', அதாவது எழுகையில் தாக்குதல், என்பர். வீழ்ந்தவனை அடிப்பது எமது மரபுக்கு ஒவ்வாத ஈனம் என்னும் கண்டனம் இங்கு எளிதில் எழக்கூடியதே.

அக்கண்டனம் வரலாற்றை மறந்தது. 1867இன் குயின்ஸ்பெரி விதிகள் வீழ்ந்த குத்துச்சண்டை வீரனுக்குப் பத்து விநாடி வழங்கின. எனினும் 1919இல் ஜாக் டெம்ப்சி முதற் சுற்றிலேயே ஜெஸ் வில்லார்டை ஏழு முறை வீழ்த்தியபோது, அருகில் நின்று அவர் எழ எழ அடித்தார்; நடுவர் தடுக்கவில்லை. வீழ்த்தியவன் விலகி மூலைக்குச் செல்லவேண்டும் என்னும் விதி பின்னரே கண்டிப்புற்றது. 1927இல் சிக்காகோவில் அதே டெம்ப்சி விலகத் தாமதித்தமையால் எண்ணிக்கை பிந்தியது. வீழ்ந்த ஜீன் டனி எழுந்து வென்றார். போரறம் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியதன்று. நேரம் எவர் கையிலுள்ளது என்பதிலும் தங்கியது.

இனி எமது மரபுக்கு வருவோம். பேராதனையில் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய கூத்துகளுள் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) என்பன இப்பிரச்சினையின் இரு முகங்களைக் கொண்ட கதைகளிலிருந்து பிறந்தவை. கம்பன் காவியத்திற் படைக்கலம் இழந்த இராவணனுக்கு இராமன் மறுநாள்வரை அவகாசம் அளிக்கிறான். வியாச பாரதத்திலோ, தேர்ச்சக்கரம் புதையுண்ட கர்ணன் கேட்ட அவகாசம் மறுக்கப்படுகிறது. திரௌபதிக்கும் அபிமன்யுவுக்கும் இழைத்த கொடுமைகளைக் கண்ணன் அவனுக்கு நினைவூட்டுகிறான், அவ்வாதம் வலிமையுடையதே. ஆயின் சீதையைச் சிறைவைத்த இராவணனும் குற்றமற்றவனல்லன். குற்றம் இருவர்க்கும் பொது. அவகாசமோ வேந்தனுக்கே கிட்டியது, தேரோட்டி மகனாய் வளர்ந்தவனுக்குக் கிட்டவில்லை. காவியங்கள் வேறாயினும் இவ்வேறுபாடு தற்செயலானது எனக் கொள்ளுதல் அரிது.

இவ்வகையில் நோக்குமிடத்து ஆட்டத்தின் விதி காவியத்தினும் சனநாயகத் தன்மை வாய்ந்தது: வீழ்ந்தவனின் குலத்தை அது வினவுவதில்லை. எனினும் அது மறைக்கும் உண்மையும் ஒன்றுண்டு. ஆட்டத்தில் அடித்தவனும் வீழ்ந்தவனும் சம வலிமையுடன் தொடங்கியவர்கள், வாழ்விலோ அவ்வாறன்று. புயலில் வலையிழந்த மீனவன் மீண்டும் கடலில் இறங்கும் நாளைச் சம்மாட்டி நன்கறிவான். கடன் அன்றே கேட்கப்படும். அங்கு எழுபவனுக்குத் தடுக்கும் பொத்தான் இல்லை. தாக்குபவனின் ஈரத்தை எதிர்பார்த்திருத்தல் பயனற்றது; எழும் கணத்தைக் காக்கும் விதியை மக்களே இயற்றிக்கொள்ளல் வேண்டும்.