எறும்பின் வரவும் வரைபடத்தின் வரம்பும்

உலகம் வெப்பமடைய அடைய, கேடு செய்யும் அயல் எறும்புகள் எங்கும் பெருகும் என்பது பலர் கொண்டுள்ள கருத்து. 2015-ஆம் ஆண்டில் கிளியோ பெர்ட்டல்ஸ்மையரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இக்கருத்தை மறுக்கின்றது. கொடியவை எனக் கருதப்படும் 15 எறும்பு இனங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவை வாழும் இடங்களின் வெப்பத்தையும் மழையையும் அளவுகோலாக்கி, 2080-இல் அவற்றுக்கு ஏற்ற நிலப்பரப்பு எவ்வளவு எனக் கணித்தனர். 5 இனங்களுக்கே பரப்பு விரியும். பெரும்பாலானவற்றுக்குச் சுருங்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பொதுவான அச்சத்தை மெய்யென்று கொள்ளாமல், இனம் இனமாகப் பிரித்து ஆராய்ந்தமை இக்கட்டுரையின் சிறப்பு. ஆயினும், 'சுருங்கும்' என்ற சொல்லைக் கண்டு ஆறுதல் கொள்வது பிழையாகும். இத்தகைய வரைபடம் எறும்பு வாழத்தக்க இடத்தைக் காட்டும். அது வந்து சேரும் வழியைக் காட்டாது.

மஞ்சள் பைத்தியக்கார எறும்பு இதற்குத் தக்க சான்று. அந்த 15 இனங்களுள் இதுவும் ஒன்று. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது. ஒரே கூட்டில் பல அரசிகள் இருப்பதால், சிறு பகுதி பிரிந்து சென்றாலும் புதுக்கூடு அமைந்துவிடும். தானே நகர்ந்தால் அது மெல்லவே பரவும். கடல் கடப்பதோ மனிதனின் சரக்கோடுதான். அவ்வாறு கிறிஸ்துமஸ் தீவை அடைந்து, கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. எறும்புக்கு இனிப்பு நீர் சுரந்தளித்த அரக்குப் பூச்சியை ஒடுக்க, 2016-இல் அங்கே விடப்பட்ட நுண்குளவி மலேசியாவிலிருந்து சென்றதாகும். தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை அடிவாரத்திலும் இவ்வெறும்பால் ஆடுமாடுகள் துன்புறுவதாக 2022-இல் ஊரார் முறையிட்டனர்.

இனி, பத்து பெரண்டாம் போன்றதோர் ஊரை எண்ணிப் பார்த்தல் தகும். விமான நிலையமும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளும் அமைந்த ஊர் அது. சுற்றிலும் தோட்டங்களும் குடியிருப்புகளும் உள்ளன. சரக்குப் பெட்டியின் அடியிலும், மரக்கட்டையின் இடுக்கிலும், மண்ணோடு விற்கும் பூச்சட்டியிலும் ஒரு கூடு ஒளிந்து வரக்கூடும். 2080-இன் வெப்பநிலைக்காக அது காத்திருப்பதில்லை.

2023-இல் இத்தாலியின் சிசிலித் தீவில் செந்நெருப்பெறும்பு கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே 88 கூடுகள் இருந்தன. தொடக்கத்தில் காணாத கூட்டைப் பின்னர் அழிப்பது எத்துணை அரிது என்பதை, 2001-இல் பிரிஸ்பேனில் இவ்வெறும்பைக் கண்டபின் ஆஸ்திரேலியா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் போராட்டம் உணர்த்தும்.

ஆகவே, தட்பவெப்பக் கணிப்போடு சரக்கு செல்லும் வழிகளையும் சேர்த்து வரைதல் வேண்டும். அப்பொழுதுதான் எந்த வாயிலில் காவல் வைப்பது என்பது விளங்கும். நாற்றுப்பண்ணை விற்கும் சட்டியைத் தூக்கி அடிப்புறம் பார்ப்பதும் அக்காவலின் ஒரு பகுதியே.