பாட்டில் பிள்ளைக்கு எவ்வளவு இடம்?

தொடக்கப் பள்ளியில் பாட்டு எதற்கு என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். பாடினால் பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள் என்பது ஒன்று. பாட்டாகச் சொன்னால் மனத்தில் பதியும் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டிலும் பிள்ளை வாங்கிக்கொள்கிற இடத்திலேயே நிற்கிறது. ஆசிரியர் பயிற்சிகளில் ‘பங்கேற்புப் பாடல்’ என்ற பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. நாற்பது பிள்ளைகள் கைதட்டி ஒரே குரலில் பாடினால் அதைப் பங்கேற்பு என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பாட்டில் பிள்ளையால் மாற்றக்கூடிய ஒரு சொல்லாவது இருந்ததா என்று பார்ப்பதில்லை.

வகுப்பறைப் பாட்டை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் படியில் பிள்ளை திருப்பிச் சொல்கிறது. இரண்டாவதில் ஆசிரியரின் கேள்வி வரிக்குப் பதில் வரி பாடுகிறது. மூன்றாவதில் பாட்டின் நடுவே விடப்பட்ட இடத்தில் தன் சொல்லை வைக்கிறது. தன் பெயரை, தான் தின்ற காயை, தன் தெருவில் ஓடும் வண்டியை. நான்காவதில் அதே மெட்டில் புது அடி கட்டுகிறது. தமிழ்ப் பள்ளிப் பாட்டின் கதையை இந்த நான்கு படிகளில் ஏறியும் இறங்கியும் சொல்லிவிடலாம்.

திண்ணையும் கூட்டுக்குரலும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் முதன்மைக் கருவி குரல். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல மற்றவர்கள் அதை வாங்கிச் சொல்வார்கள். எண்சுவடி, குழிமாற்று போன்ற வாய்பாடுகளும் ஆத்திசூடியும் இப்படியே நெஞ்சில் ஏறின. அந்தப் பள்ளிகளின் அன்றாட நடைமுறையை உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ சொல்கிறது. அவற்றில் கணக்கு எப்படி நினைவின் வழியாகக் கற்பிக்கப்பட்டது என்பதைக் கணித வரலாற்றாய்வாளர் செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வாய்பாட்டை ஒப்பிப்பது வெறும் உருப்போடல் அல்ல, மனக்கணக்குப் போடுவதற்கான பயிற்சி என்பது அந்த ஆய்வு தரும் தெளிவு. நவராத்திரி வந்தால் இதே பிள்ளைகள் கோலடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆசிரியருக்குக் காணிக்கை சேர்ப்பார்கள். ஆண்டு முழுதும் திருப்பிச் சொன்ன குரல் ஊரைப் பார்த்துப் பாடிய நாட்கள் அவை.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பாட்டோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு பிள்ளை முன்னே சொல்ல மற்றவர்கள் பின்தொடரும் ஏற்பாடு, இன்றும் நம் வகுப்பில் பாட்டு நடக்கும் முறை.

அந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கூட்டுக்குரலுக்குள் கூச்சப்படும் பிள்ளை பயமின்றி நுழைகிறது. வரி தெரியாத பிள்ளையும் அதற்குள் வாயசைத்து ஒளிந்துகொள்கிறது. முழு வகுப்பும் முழங்கும்போது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது ஆசிரியருக்குக் கேட்காது. முதல் படியிலேயே நின்றுவிடுகிற பாட்டு கற்பிக்கிறதா, மறைக்கிறதா என்ற ஐயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கவிஞர்கள் வந்தபோது

இருபதாம் நூற்றாண்டில் பிள்ளைகளுக்கென்றே எழுதும் கவிஞர்கள் வந்தார்கள். பாரதியின் ‘பாப்பா பாட்டு’ 1915இல் வெளிவந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியராகவே வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவரும் அப்படித்தான். அவருடைய ‘ஆடிப்பிறப்பு’, ‘கத்தரி வெருளி’ பாடல்களை அறியாத ஈழத்துப் பிள்ளை ஒரு காலத்தில் இல்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பா, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கி அந்த எழுத்தை ஓர் இயக்கமாக்கினார். எளிய சொல், குறுகிய அடி, துள்ளும் சந்தம், கடைசியில் ஒரு சிரிப்பு: தமிழ்ப் பாடநூல்களின் செய்யுட்பகுதிக்கு இவர்கள் புது மூச்சு கொடுத்தார்கள்.

இந்தப் பாடல்களின் சிறப்பே அவற்றின் முழுமை. முழுமையான கவிதையில் பிள்ளை எதையும் சேர்க்க முடியாது. சேர்த்தால் சந்தம் உடையும். அதனால் வகுப்பறையில் பிள்ளையின் பங்கு அபிநயமாகச் சுருங்கியது. யானை வந்தால் கையைத் தும்பிக்கையாக ஆட்டுவது, மழை வந்தால் விரல்களை இறக்குவது. நர்சரிப் பள்ளிகள் பெருகியபின் ஆங்கில ரைம்ஸும் இதே வழியில் போயின. வீட்டுக்கு வரும் உறவினர் முன் ரைம்ஸ் சொல்லிக்காட்டும் குழந்தைக்குப் பாட்டு ஒரு பாராட்டு வாங்கும் வழி. கவிஞர்கள் மேல் இதில் குறை இல்லை. கவிதை ரசனைக்கானது; வகுப்பில் வேலை செய்யும் பாட்டு வேறு இனம். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்ததுதான் பாடநூலின் பிழை.

தெருவில் இருந்த பாடத்திட்டம்

அந்த வேறு இனம் தெருவில் இருந்தது. பள்ளி அதைக் கண்டுகொள்ளவில்லை. ‘ஒரு குடம் தண்ணீர்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதனடியில் நுழைந்து போகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பூ கூடுகிறது. எண்ணிக்கை முடியும் இடத்தில் கை இறங்கி ஒருவரைப் பிடித்துக்கொள்கிறது. எண் வரிசை, சுற்று, எதிர்பார்ப்பு மூன்றும் உடம்பில் ஏறுகின்றன. எண் எங்கே முடியும் என்று தெரிந்த பிள்ளைதான் எப்போது விரைய வேண்டும் என்று கணிக்க முடியும். எண்ணத் தெரிய வேண்டிய தேவை விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று, ஓரணி முன்வந்து பாட மறு அணி பதில் பாடி, ஆளைத் தேர்ந்து இழுக்கும் விளையாட்டு இரண்டாம் படி. கேள்வி அடுக்கிக்கொண்டே போகும் சங்கிலிப் பாட்டுகளும் அப்படியே. கும்மியில் ஒருத்தி அடியெடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவதும், வில்லுப்பாட்டில் குடமும் உடுக்கும் அடிப்பவர்கள் ‘ஆமா’ போட்டுக் கதையைத் தள்ளுவதும் கேட்டவர் சும்மா இருக்கக் கூடாது என்ற நம் நிகழ்த்துகலையின் மரபு. ஊரில் யாரையாவது கேலி செய்ய அதே மெட்டில் புது அடி கட்டும் பிள்ளைகள் நான்காம் படியில் இருந்தார்கள்; அதற்காகப் பள்ளியில் அடியும் வாங்கினார்கள். இசைவாணரும் கல்வியாளருமான பெ. தூரன் நாட்டுப் பாடல்களைத் தொகுத்ததும், நா. வானமாமலையும் மற்றவர்களும் தொடர்ந்ததும் பெரும் பணி. அந்தத் தொகுப்புகள் பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஒன்றாம் வகுப்புக்கு வந்தது சொற்பம்.

இதை முறையாகப் பள்ளிக்குள் கொண்டுவந்த நாடுகள் உண்டு. ஜெர்மனியில் மழலையர் கல்வியாளர் ஃப்ரோபெல் 1844இல் தாய்மார்க்கான விரல் விளையாட்டுப் பாடல்களை வெளியிட்டார். ஹங்கேரியில் இசையமைப்பாளர் சொல்டான் கோடாய், பிள்ளையின் முதல் இசை அதன் சொந்த நாட்டார் பாட்டாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். தினமும் பாடும் தொடக்கப் பள்ளி 1950இல் அவருடைய சொந்த ஊரான கெச்கெமேட்டில் உருவானது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பாடகி எல்லா ஜென்கின்ஸ் 1957இல் அழைப்பும் பதிலுமான பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டு, நூறு வயது வாழ்ந்து, 2024இல் மறைந்தார். மூவரிடமும் பொதுவாக இருந்தது, பாடத் தெரியாத பிள்ளை என்று யாரையும் ஒதுக்காத பிடிவாதம்.

அறிவொளி காட்டிய வழி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாட்டு மீண்டும் கிளர்ந்ததற்கு நேரடிக் காரணம் பள்ளிக்கு வெளியே நடந்த ஒன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கலைஜாதா எனப்படும் பயணக் கலைக்குழுக்களோடு ஊர் ஊராகப் போனது. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியபோது, முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அந்த மாவட்டத்தின் கீதமாகவே ஆனது. அந்தப் பாட்டில் பெண்களுக்கு இருந்த பங்கு தாளம் போடுவது மட்டும் அல்ல. பாடி முடித்துவிட்டு அவர்கள் சைக்கிளில் ஏறினார்கள். பாட்டின் அடுத்த வரி அவர்கள் செய்த செயல்.

அறிவொளியில் தொண்டாற்றிய ஆசிரியர்கள் பலர் அந்தப் பாணியை வகுப்புக்கு எடுத்து வந்தார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் குழந்தைகள் திருவிழாக்கள் அதற்குக் களம் கொடுத்தன. கல்வியாளர் ச. மாடசாமி போன்றவர்கள் வகுப்பறையின் பேச்சைப் பிள்ளையின் பக்கம் திருப்ப வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார்கள். புதுச்சேரியில் வேலு சரவணனும் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கமும் சிறுவர் நாடகத்தில் செய்தவை இதற்குப் பக்கத்துணை. பார்க்க வந்த பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் அரங்கு அது.

செவி சொல்லும் ஆய்வு

பாட்டு படிப்புக்கு உதவுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது, பீட்டர் பிரையன்டும் மற்றவர்களும் இங்கிலாந்தில் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வு. 64 குழந்தைகளை மூன்று வயது முதல் ஆறு வயது வரை தொடர்ந்தார்கள். மூன்று வயதில் மழலைப் பாடல்களை அதிகம் அறிந்திருந்தவர்கள், பின்னால் சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பிலும் முன்னே இருந்தார்கள். இதை அப்படியே தமிழுக்குப் பொருத்திவிட முடியாது. ஆங்கிலப் பாட்டில் ஒலி ஒத்திருப்பது சொல்லின் கடைசியில். தமிழ்ப் பாட்டில் மோனையும் எதுகையும் சொல்லின் தலையில் நிற்கின்றன. நம் எழுத்தும் ஒலியன் எழுத்து அல்ல. 247 எழுத்துகளில் பெரும்பாலானவை மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள். சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, இத்தகைய எழுத்து முறையில் அசையுணர்வு முதலில் வருவதையும் தனி ஒலியுணர்வு மெதுவாகப் பின்னால் வருவதையும் காட்டியது.

அப்படியானால் தமிழ் வகுப்புக்குத் தேவையான பாட்டு எது? கட்டம், சட்டம், பட்டம், மட்டம், வட்டம் என்று முதல் எழுத்தை மட்டும் பிள்ளை மாற்றிக்கொண்டே போகிற பாட்டு. இங்கே எதுகை அலங்காரமல்ல, பயிற்சி. எதுகைக்கு இன்னொரு விதி உண்டு: முதல் எழுத்துகள் குறிலானால் எல்லாம் குறில், நெடிலானால் எல்லாம் நெடில். ‘பட்டம்’ வரிசையில் யாராவது ‘ஆட்டம்’ என்றால் காது உடனே உறுத்தும். மூன்றாம் வகுப்பு நோட்டுகளில் சிவப்பு மை அதிகம் விழுவது குறில் நெடில் குழப்பத்தில்தான். அதைத் திருத்தும் கருவி யாப்பிலேயே கிடக்கிறது.

இதே இடத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் ‘படம்’ ‘பாடம்’ ஆகும். ‘கல்’ ‘கால்’ ஆகும். திரைப்பட மெட்டில் பாடத்தைப் பொருத்தும் ஆசிரியர்கள் அடிக்கடி இதில் விழுகிறார்கள். மெட்டு பிடித்துப்போகும், எழுத்து தடம்புரளும். மாத்திரை கெடாத மெட்டே தொடக்க வகுப்புக்குச் சரி. கும்மி அந்த வகையில் நம்பத்தக்கது.

நினைவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. வான்டா வாலஸ் 1994இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, ஒரே மெட்டு பல அடிகளில் திரும்பி வந்தால் சொற்கள் நன்றாக நினைவில் நின்றன. ஒரே ஓர் அடி மட்டும் கேட்டவர்களுக்கு மெட்டு உதவவில்லை. பாடத்துக்கு ஒரு புதுப் பாட்டு என்று அடுக்கும் கையேடுகளை விட, ஆண்டுக்குச் சில மெட்டுகளை வைத்துக்கொண்டு சொற்களை மாற்றுவது நல்லது என்பதற்கு இது ஆதரவு. பாட்டின் பலன் நினைவோடு முடிவதும் இல்லை. ஜெர்மனியில் கிர்ஷ்னரும் டோமசெல்லோவும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடி ஆடிய நான்கு வயதுக் குழந்தைகள், பாட்டில்லாமல் விளையாடியவர்களைவிடப் பின்னர் ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள்.

திட்டங்களும் திரைகளும்

அரசுத் திட்டங்கள் பாட்டை ஒதுக்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளையைத் தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேற விட்டது. 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ கலைக்குழுக்களோடு தெருவுக்குப் போனது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’, ஒன்று முதல் மூன்று வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வகுத்து, வகுப்பறையில் கதைக்கும் பாட்டுக்கும் தனிக் களங்கள் கேட்டது. பாட்டுக்கு நேரமும் இடமும் கிடைத்துவிட்டன.

கிடைத்த நேரத்தைப் பல இடங்களில் திரை எடுத்துக்கொண்டது. பாட்டு காணொளியாக வருகிறது; ஆசிரியர் கைப்பேசியை ஸ்பீக்கரில் இணைக்கிறார்; திரையில் ஆடும் பொம்மையைப் பார்த்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். காணொளி யாருக்காகவும் நிற்காது. பிள்ளை யோசிக்க எடுக்கும் அந்த இரண்டு நொடி அதில் இல்லை. தப்பாகச் சொன்ன சொல்லை எடுத்து அதையே அடுத்த அடியாக்கவும் அதற்குத் தெரியாது. பாடத் தெரியாது என்று தயங்கும் ஆசிரியருக்குக் காணொளி துணையாகலாம். மெட்டைக் கற்றுக்கொண்டதும் அதை அணைத்துவிட வேண்டும். சுதி சேராத ஆசிரியரின் குரலுக்கு, நின்று காத்திருக்கத் தெரியும் என்ற ஒரு தகுதி போதும்.

செய்யக்கூடியவை எளியவை. வட்டார வள மையங்கள் தத்தம் ஊரின் விளையாட்டுப் பாட்டுகளைப் பிள்ளைகளின் பாட்டிகளிடமிருந்தே திரட்டலாம். ஆசிரியர் கையேட்டில் பாட்டை முழுதாக அச்சிடாமல், பிள்ளை நிரப்ப வேண்டிய இடங்களை வெற்றாக விடலாம். வகுப்பு முழுதும் பாடியபின் அடுத்த சுற்றில் இருவர் இருவராகப் பாடச் சொன்னால், கூட்டுக்குரலில் ஒளிந்தவர் யாரென்று யாரையும் கூனிக்குறுகச் செய்யாமல் தெரிந்துவிடும். பார்வையிட வரும் அதிகாரி, பிள்ளைகள் பாட்டைச் சரியாகப் பாடுகிறார்களா என்று சோதிப்பதை விட, இந்த ஆண்டு அவர்கள் அதில் எதை மாற்றினார்கள் என்று கேட்கலாம். ஜூனில் ஆசிரியர் கொடுத்த பாட்டு ஏப்ரலில் ஒரு சொல்லும் மாறாமல் இருந்தால், அந்த வகுப்பு பாடியிருக்கிறது, பங்கேற்கவில்லை.