எழுதப்படாத நூலுக்கு ஈவோர்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் போற்றும் நாம், பொருள் தந்து அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியையும், அவருக்குப்பின் புரந்த அபுல் காசிம் மரைக்காயரையும் வாழ்த்துகிறோம். அவ்விருவரும் ஈந்தது முடிந்த நூலுக்கன்று. இனிமேல் பாடப்பட வேண்டிய நூலுக்கு. 5,027 செய்யுள்கள் எழுந்த பின்னும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு முற்றும் பாடப்பெறவில்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். ஆயினும் அக்கொடையை வீணென்பார் எவருமிலர்.

இன்றோ நம் பரிசுகளிற் பெரும்பாலானவை அச்சேறிய நூலையே தேடுகின்றன. ஆண்டுதோறும் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டி அச்சிட்டு வழங்கும் விருதுநகர் வட்டார வணிகப் பெருமக்களை வேண்டுகிறோம்: அச்செலவில் ஒரு பங்கை, எழுதத் தொடங்கும் ஒருவருக்கு முன்னரே அளியுங்கள். நூல் முடியாமற் போகவும் கூடும். அந்த இழப்புக்கும் துணிவதே ஈகை. முடிந்ததற்குத் தருவது விலை.