மாத இதழும் குண்டு புத்தகமும்

மாத இதழ், தொகுப்பு நூல் என்னும் பாகுபாடு அமெரிக்கச் சித்திரக்கதை வணிகத்திற்குப் பொருந்துமளவு தமிழுக்குப் பொருந்துவதில்லை. அங்கே மாதந்தோறும் மெல்லிய இதழாக வரும் கதையின் துண்டுகள் பின்னர் ஒரே நூலாகக் கட்டப்படுகின்றன. தமிழிலோ மாத இதழே பெரும்பாலும் ஒரு தொகுப்பாகத்தான் பிறந்தது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’, பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வாரத்துக்குச் சில பக்கங்களாக வெளிவந்த தொடராகும். அங்குள்ள சிறுவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்து படித்ததைத் தமிழ் வாசகர் ஒரே அமர்வில் படித்து முடித்தார். அன்றாடத் துண்டுக்கதை தமிழருக்குப் புதிதன்று என்பதற்கு, 1942இல் மதுரையில் தோன்றிய தினத்தந்தி 1960 முதல் வெளியிட்டுவரும் ‘கன்னித்தீவு’ சான்று. ஆயினும் காமிக்ஸ் என்றால் முழுநீளக் கதை என்னும் பழக்கமே நிலைத்தது.

சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்து 2005 வரை நீடித்தது. இவை பெட்டிக்கடையிலும் பேருந்து நிலையக் கடையிலும் கொடியில் தொங்கி விற்ற மலிவு விலை இதழ்கள். விற்ற பின்னரே முகவரிடமிருந்து பணம் வரும் என்பதால் பதிப்பாளரின் முதல் எப்போதும் வெளியிலேயே கிடந்தது. லயனின் தீபாவளி மலர், கோடை மலர் ஆகியவற்றின் தடிமனில் மயங்கிய வாசகர்கள்தாம் ‘குண்டு புக்’ என்னும் செல்லப்பெயரைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவர்கள்.

தொகுப்பு உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் ‘இரத்தப் படலம்’. கதாசிரியர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984 முதல் படைத்த இந்தத் தொடரின் நாயகன் நினைவிழந்தவன். தமிழில் பாகங்கள் நெடும் இடைவெளிகளில் வந்தமையால் வாசகரும் முன்கதையை மறந்து அவன் நிலையையே அடைந்தார். 2010இல் 18 பாகங்கள் கறுப்பு வெள்ளையில், 800 பக்கங்களைத் தாண்டிய ஒரே நூலாக வெளிவந்தபோது, பழைய இதழ்களைத் தேடியலைந்த சேகரிப்பாளர்களின் தவிப்பு பெருமளவு தணிந்தது. பின்னர் 2018இல் அதுவே வண்ணத்திலும் தொகுக்கப்பட்டது. இத்தகைய நூல்களுக்கு அடித்தளம் முன்பதிவு, அதாவது அச்சேறுமுன்பே வாசகர் பணம் செலுத்திப் பிரதியை உறுதிசெய்யும் முறை. அச்சுப் பிரதிகள் குறைவு, ஐரோப்பிய உரிமத் தொகையோ பிரதி எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை என்னும் நெருக்கடிக்கு இதைவிட நேர்மையான தீர்வு இல்லை.

2012 முதல் லயனின் மாத இதழே வழவழப்பான தாளில், பல வண்ணத்தில், 100 ரூபாய் அளவில் வரத் தொடங்கியதோடு பெட்டிக்கடை விடைபெற்றது. ஆண்டுச் சந்தாவும் கூரியரும் புத்தகக் கண்காட்சியும் அதன் இடத்தைப் பிடித்தன. மதுரைத் தமுக்கம் மைதானம் போன்ற கண்காட்சித் திடல்களில் புதிதாக நுழைபவர் தொடரின் ஏழாம் பாகத்தைப் புரட்டிவிட்டு வைத்துவிடுவார், முழுக்கதை அடங்கிய நூலையோ விலை பார்த்தேனும் எடுப்பார். எனினும் குண்டு புத்தகத்தை முன்பதிவு செய்பவர் பெரும்பாலும் எண்பதுகளில் கடைக்கொடியிலிருந்து இதழை உருவி வாங்கிய அதே சிறுவர்தாம். அந்தக் கொடியில் இன்று ஷாம்பு சரங்கள் தொங்குகின்றன. பத்து வயதுக்காரரின் கைக்காசுக்கு எட்டும் காமிக்ஸ் அங்கே இல்லை.